தேநீரோடு உண்ணும் பலகாரம்



உணவைக் குறை கூறுதல் நம் வீடுகளில் நல்ல பழக்கமாக எண்ணப்படுவதில்லை. இலையில் விழுந்ததை வாய் திறவாது உண்டு, கை கழுவி எழுகின்றவரையே பெரியோர் மதிப்பர். நானும் அவ்வாறே வளர்க்கப்பட்டவன். எனினும் இம்மாதம் ஒரு வேளைச் சிற்றுண்டியின் குறையைச் சற்று விரிவாகவே எழுதப் போகின்றேன். காரணம் உண்டு. எட்டுப் பெண்களின் இரண்டாண்டுச் சேமிப்பு அச்சிற்றுண்டியோடு பிணைந்திருந்தது.

சென்ற ஆவணித் திங்களில் மூணாற்றில் என் தமக்கையார் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அவர் 34 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். இப்பொழுது மகனோடும் மருமகளோடும் லயத்து வீட்டிலேயே இருக்கின்றார். மருமகளும் கொழுந்து பறிக்கின்றவளே. பேரன் மட்டும் மலையிறங்கிப் போய், தொழிற்கல்வி கற்று, சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கின்றான். நம் சங்கத்துக் குடும்பங்களுள் பாதிக்கு இதுவே கதை. பாட்டனார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறினார். பேரன் கடல் கடந்தான். நடுவில் நான் ஒருவன் சித்தூர் வட்டத்தில் தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றேன்.

அப்பிள்ளை ஒருநாள் தொலைபேசியில், "ஆச்சி, இங்கே சீனர்கள் தேநீர் குடிப்பதற்கென்றே ஒரு சாப்பாடு வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்ன மூங்கில் கூடையில் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைப்பார்கள். நம் கொழுக்கட்டை போலவே இருக்கும்" என்று சொல்லியிருக்கின்றான். தமக்கையார் அதைக் கேட்டு வியந்து போனார். எங்கள் வீடுகளில் தேநீர் என்பது பசியைத் தள்ளிப்போடும் நீர். விடியற்காலையில் ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு கட்டஞ்சாயா குடித்துவிட்டு மலைச்சரிவில் ஏறினால், அடுத்த உணவு எப்பொழுது என்பது கங்காணியின் கையில் இருந்த காலம் அது. தேநீரை நடுவில் வைத்து, அதற்குத் துணையாகப் பலகாரங்களை அடுக்கும் ஒரு நாடும் உண்டு என்பது அவருக்குக் கதை போல் இருந்தது. "நான் பறித்த இலைக்கு அப்படியொரு மரியாதையும் உண்டா? சாவதற்கு முன் ஒரு தடவை அதைத் தின்று பார்க்க வேண்டும், தம்பி" என்று என்னிடமே இருமுறை சொன்னார்.

அப்பலகாரத்தின் பெயர் டிம்சம். தென்சீனத்துக் கான்டன் நகரத்தாரின் வழக்கு அது. 'நெஞ்சைத் தொடுவது' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள் என்பர். அதை உண்ணப் போகின்றவர்கள் 'டிம்சம் தின்னப் போகிறோம்' என்று கூடச் சொல்வதில்லை. 'யம் சா' என்பர். 'தேநீர் குடித்தல்' என்பதே அதன் பொருள். தேநீர்க் கடைகளில் மூங்கில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கொதிநீரின் ஆவியில் வேகவைத்து, வெந்த கையோடு மேசைக்கு அனுப்புவர். இறால் வைத்தது, பன்றியிறைச்சி வைத்தது, காய்கறி வைத்தது, இனிப்பு வைத்தது என்று வகைகள் மிகப் பல. ஒரு தட்டில் மூன்றோ நான்கோதான் இருக்கும். உண்பதும் பேசுவதும் குடிப்பதுமாகக் காலைப்பொழுது முழுதும் கழியும்.

இங்கே ஓர் இடைச்செருகல். நம் எல்லைப்புறத்துத் தேநீர்க் கடைகளில் மலையாளத்தார் 'சாயா' என்பர். நம்மவர் 'தேத்தண்ணி' என்பர். இரண்டு சொல்லும் சீனத்திலிருந்து வந்தவையே. ஃபூஜியன் கடற்கரையின் பேச்சு வழக்கில் அந்த இலைக்குத் 'தே' என்று பெயர். கான்டனிலும் வட சீனத்திலும் 'சா'. ஒரு சொல் கப்பலேறி ஒரு வழியாகவும், மற்றொன்று வேறு வழியாகவும் புறப்பட்டு, கடைசியில் ஒரே பெஞ்சியில் அருகருகே வந்து உட்கார்ந்துவிட்டன. செடியும் அவ்வாறு வந்ததே. பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து 1877ஆம் ஆண்டில் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1880ஆம் ஆண்டில் ஷார்ப் என்பவர் பார்வதி என்னும் இடத்தில் ஐம்பது ஏக்கர் அளவில் தேயிலையை முதன்முதல் நட்டார். அதன்பின் மலைக்கு ஆள் வேண்டியிருந்தது. நம் முன்னோர் மலையேறினர். ஆகவே அந்தச் சீனப் பலகாரத்தின்மேல் என் தமக்கையாருக்கு ஒருவகை உரிமை உண்டென்றே நான் கருதுகின்றேன்.

பேரன் விடுமுறையில் வந்தான். கோயம்புத்தூரில் விமானத்திலிருந்து இறங்கியவன் ஆச்சியின் ஆசையை மறக்கவில்லை. நகரத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஃபிரீசரில் இருந்த டிம்சம் பெட்டிகள் இரண்டை வாங்கினான். ஒன்று காய்கறி, ஒன்று இறால். பெட்டியின் மேல் பளபளக்கும் படம். சமையல் வேண்டாம், சூடாக்கியதும் உண்ணலாம் என்று வாசகம். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றித் தெர்மகோல் பெட்டி ஒன்றில் வைத்துக் கொடுத்திருக்கின்றார். உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு வந்து சேர ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். அன்று மறையூருக்கு மேலே சாலையில் மரம் விழுந்து முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது பெட்டிகள் கையில் துவண்டன. "பரவாயில்லை தாத்தா, மறுபடியும் உறைய வைத்துவிடலாம்" என்று பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜின் மேலறையில் இரவு முழுதும் வைத்தான். அவ்வாறு செய்யலாகாது என்பது அன்று எனக்குத் தெரியாது. இறால் போன்ற பொருள் ஒருமுறை உருகிப் பல மணி நேரம் கிடந்த பின் அதை மீண்டும் உறையவைத்து உண்பது உடம்புக்கே கேடு விளைக்கக்கூடியது. உறைகுளிர் கிருமிகளை உறங்கவைக்குமே தவிர, கொல்லாது. நல்லவேளையாக எவருக்கும் நோய் வரவில்லை. இதைப் படிக்கின்ற அன்பர்களாவது நினைவில் கொள்ளுங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் மருமகளின் தோழியர் ஏழுபேரும் வந்துவிட்டனர். அவர்கள் வந்ததற்கு ஒரு தனி நோக்கம் இருந்தது. எட்டுப்பேரும் சேர்ந்து மாதந்தோறும் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு தொகை சேர்த்திருக்கின்றனர். மூணாற்றுக்கு வருகின்ற சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்து, நம் பூரணக் கொழுக்கட்டையைச் செய்து, உறையவைத்து, பெட்டியில் அடைத்து விற்கலாம் என்பது அவர்களுடைய திட்டம். அதற்குப் பெரிய ஃபிரீசர் ஒன்றை வாங்க விலையும் பேசி வைத்திருந்தனர். பிள்ளை கொண்டுவந்த பெட்டி எவ்வாறு இருக்கின்றது என்று பார்த்து அதன்படி நடக்கலாம் என்று வந்தனர்.

மைக்ரோவேவ் அடுப்பு அங்கே இல்லை. இட்டிலிப் பானையில் துணி விரித்து வேகவைத்தோம். தமக்கையார் நல்ல சேலை உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பறித்த தோட்டத்து இலைத்தூளில் பால் சேர்க்காத தேநீர் ஒருபுறம் தயாராயிற்று. மூடியைத் திறந்தபோது ஆவி வந்தது, மணம் வரவில்லை. ஒரு பெட்டியில் பன்னிரண்டு வீதம் இருபத்து நான்கு இருந்தன. முழுமையாகத் துணியிலிருந்து எடுக்க முடிந்தவை ஏழு. மற்றவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எடுக்கப்போனால் தோல் கிழிந்து உள்ளிருந்தது சரிந்தது. தோலின் ஓரம் தோல்வார் போல் கடினம், நடுவிலோ பசை. காய்கறி என்றது நீர் விட்டுக் குழைந்த முட்டைக்கோசு. இறால் என்றது நகத்தளவு. உப்பு மட்டும் தாராளம். கூடவே இருந்த சிவப்புக் குழம்புப் பொட்டலத்தைப் பிரித்து ஊற்றிய பின் எல்லாமே ஒரே சுவையாகிவிட்டன. இரண்டு பெட்டியின் விலையை மருமகள் அட்டையில் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்தாள். அவளுடைய ஒருநாள் கூலிக்கு மேல்.

தமக்கையார் இரண்டை எடுத்து மெல்ல உண்டார். தேநீரையும் குடித்தார். "நன்றாய்த்தான் இருக்கிறது, ஐயா" என்றார். பேரன் எழுந்து வெளியே திண்ணைக்குப் போய்விட்டான். நான் பின்னால் சென்றேன். மழைத்தூறலில் நின்றுகொண்டிருந்தான். "தாத்தா, அது இது இல்லை. ஆச்சி இதுதான் அது என்று நினைத்துவிடுவார்களே" என்றான். இருபத்தாறு வயதுப் பிள்ளை, கண் கலங்கியிருந்தது. வாங்கியவனும் கடைக்காரரும் சாலையில் விழுந்த மரமும் இரவல் ஃபிரிட்ஜும் நானும் ஆகிய அனைவரும் அந்தக் குறைக்குப் பங்காளிகளே. அந்தப் பெட்டியை நகரத்திலேயே வாங்கிய கையோடு வேகவைத்திருந்தால் இதைவிட நன்றாகவே இருந்திருக்கும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் குறை அவ்வளவோடு நிற்கவில்லை. அன்றிரவு பேரனும் நானும் அவனுடைய கைத்தொலைபேசியில் தேடித் தேடிப் படித்தோம். இறால் டிம்சத்தின் கண்ணாடி போன்ற தோல் எதனால் ஆகின்றது என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோதுமை மாவிலிருந்து பசையைக் கழுவி நீக்கிய பின் எஞ்சுகின்ற வெண்மாவும், மரவள்ளிக் கிழங்கின் மாவும் சேர்த்து, அதில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து தட்டுவது அது. தமக்கையாரிடம் சொன்னேன். "கப்பையா? கப்பையைத் தின்னத்தான் அவ்வளவு விலை கொடுத்தோமா?" என்றார். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் 1880க்கும் 1885க்கும் இடைப்பட்ட தம் ஆட்சிக் காலத்தில் மரவள்ளியைப் பயிரிடுமாறு ஊக்கினார். 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது அக்கிழங்கே இந்நாட்டு ஏழைகளின் வயிற்றைக் காத்தது. எங்கள் தாயார் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கப்பைதான் வரும்.

இனி, அந்தத் தோல் ஏன் அவ்வாறு கெட்டது என்பதற்கு வருவோம். நம் கொழுக்கட்டைக்கும் இது பொருந்தும். மாவில் உள்ள மாச்சத்து, வேகும்போது நீரை உள்வாங்கிப் பருத்து நெகிழ்கின்றது. அந்த நெகிழ்ச்சியே மென்மை. ஆறத் தொடங்கியதும் அம்மாச்சத்தின் இழைகள் மீண்டும் நெருங்கி அடுக்கடுக்காகச் சேர்ந்து, வாங்கிய நீரை வெளியே தள்ளத் தொடங்கும். காலையில் செய்த கொழுக்கட்டை மாலையில் கல்லாவது இதனாலேயே. அது ஈரம் வற்றியதால் மட்டும் அன்று. மூடி வைத்தாலும் கடினமாகும். மேலும் இம்மாற்றம் மிக விரைவாக நடப்பது நம் ஃபிரிட்ஜின் குளிரில், அதாவது 4 டிகிரியை ஒட்டிய நிலையில். கெடாமல் இருக்கட்டும் என்று உள்ளே வைக்கின்றோம்; அது கெடுவதில்லை, கல்லாகின்றது. மீண்டும் ஆவியில் வைத்தால் ஓரளவு நெகிழும். முதல் மென்மை முழுதும் திரும்புவதில்லை.

உறைகுளிரில், உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில், இம்மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியில்தான் வம்பு. பெரிய ஆலைகளில் கடுங்குளிர்க் காற்றை வீசி மிக விரைவாக உறையவைப்பதால் பனித்துகள்கள் நுண்ணியனவாக இருக்கின்றன. வீட்டுப் பெட்டியிலோ பொருள் மெல்ல மெல்ல உறைகின்றது. பனி பெரிய ஊசிகளாக வளர்ந்து தோலையும் காய்கறியையும் குத்திக் கிழித்துவிடும். உருகும்போது நீர் ஒழுகும். ஒருமுறை உருகி மறுமுறை உறைந்தால் கேட்கவே வேண்டா. எங்கள் தட்டில் கிடந்தது அதுவே.

'உடனே உண்ணலாம்' என்று விற்கப்படுவனவற்றில் வேறொரு வகையும் உண்டு. சாம்பார், பருப்பு, பாயசம் முதலியவற்றைப் பல அடுக்கு உறையில் அடைத்து, அழுத்தத்தோடு 121 டிகிரி வெப்பத்தில் வைத்துக் கிருமிகளை ஒழித்துவிடுவர். அவற்றிற்குக் குளிர்ப்பெட்டி வேண்டா. மைசூரில் 1961இல் தோன்றிய பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடம் எல்லையில் நிற்கும் படைவீரர்களுக்காக இத்துறையில் உழைத்தது. குழம்பு வகைகள் அந்த வெப்பத்தைத் தாங்கும். ஆவியில் வெந்த மெல்லிய மாவுத்தோல் தாங்காது, குழைந்து போகும்.

இவற்றையெல்லாம் மறுநாள் அந்தப் பெண்களிடம் எடுத்துச் சொன்னபோது, அவர்களுள் மூத்தவர் என் அறிவியலை முழுதும் கேட்கவில்லை. "வாத்தியாரையா, ஆடி மழையில் இங்கே மூன்று நாள் மின்சாரம் இருக்காது. பெட்டியும் வாங்கி, கொழுக்கட்டையும் அடுக்கி, மின்சாரமும் போனால் எங்கள் பணம் தண்ணீராய் வழிந்தோடும்" என்றார். அதுதான் சரியான கணக்கு. ஃபிரீசர் யோசனை அன்றோடு நின்றது.

பின் என்ன செய்வது? இளையவள் ஒருத்தி, கடைவீதியில் ஓர் அடுப்பு வைத்து ஆவி பறக்கவே விற்கலாம் என்றாள். மதுரைக் காஞ்சியில் இரவு அங்காடியில் மோதகம் விற்றவர்களின் செய்தி வருகின்றது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான வழி அது. ஆனால் எட்டு மணி நேரம் மலைச்சரிவில் நின்ற கால்கள் மாலையில் அடுப்படியில் மேலும் நான்கு மணி நேரம் நிற்க வேண்டும். அதை அவள் சொல்லவில்லை. மற்றவர்கள் முகத்தில் தெரிந்தது.

நான் என் ஊர்ப்பக்கத்து உதாரணம் ஒன்றைச் சொன்னேன். பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே எலப்புள்ளியை அடுத்து இராமசேரி என்றொரு சிற்றூர். நெசவுத் தொழில் செய்த முதலியார் குடும்பங்கள் தமிழ்நாட்டிலிருந்து அங்கே வந்து குடியேறின. நெசவு நொடித்தபின் அவர்களைக் காப்பாற்றியது இட்டிலி. மண்பானையின் வாயில் நூலால் வலைபோல் பின்னிய வளையத்தை வைத்து, மேலே துணி விரித்து, மாவை ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக வளையங்களை அடுக்கி மூடி, விறகடுப்பில் வேகவைப்பர். நம் இட்டிலி போல் குமிழாக இராது. தட்டையாக, சிறு தோசை போல் இருக்கும். ஓரிரு நாள் வைத்து உண்ணலாம் என்பது அதன் புகழ். அக்காலத்தில் தொலைவில் வேலைக்குப் போகின்றவர்கள் கட்டிக்கொண்டு போனார்கள் என்பர். இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சில குடும்பங்களே அத்தொழிலைச் செய்கின்றன. அதைச் செய்தவர்கள் பயணத்தை மனத்தில் வைத்தே செய்தனர். மாவின் புளிப்பும் உளுந்தும் தட்டையான வடிவும் அதற்கு உதவுகின்றன. வெந்தவுடன் தின்ன வேண்டிய ஒன்றைப் பெட்டியில் அடைத்து, 'நீ பயணம் போ' என்று சொல்லும் வேலை அன்று அது.

பேரன் அப்போது ஒன்று சொன்னான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இடியாப்பத்தைப் 'புத்து மாயாம்' என்று மலாய்க்காரர்களும் வாங்கி உண்கின்றனராம். நம்மவர் அங்கே கொண்டுபோய்ப் பரப்பியது அது. யோசித்துப் பாருங்கள், கப்பலில் அவர்கள் இடியாப்பத்தைக் கொண்டு போகவில்லை. அச்சுக் குழலைக் கொண்டு போனார்கள். மாவு பிசையும் பக்குவத்தைக் கையில் கொண்டு போனார்கள். கேரளத்தில் வறுத்த புட்டுமாவும் இடியாப்ப மாவும் பொட்டலமாக ஊரெங்கும் விற்பதும் கடல் கடந்து போவதும் நாம் காண்பதே. ஈரமற்ற மாவு கல்லாவதில்லை, மின்சாரம் கேட்பதுமில்லை.

ஆகவே, பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, பதமாக வறுத்த கொழுக்கட்டை மாவு ஒரு பொட்டலம். அதனோடு மறையூர் வெல்லத்தில் ஓர் உருண்டை. இதுவே விற்பதற்கு ஏற்றது என்பது என் கருத்து. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கின்றது; சுற்றுலா வருகின்றவர்கள் எப்படியும் அதைத் தேடி வாங்குகின்றனர். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அது பெரிய செலவன்று. இளையவள் இன்னும் அடுப்புக் கடையையே பேசுகின்றாள். அவள் சொல்வதிலும் பொருள் இருக்கின்றது. முதலில் ஒருவர் சூடாக உண்டு பார்த்தால்தானே மாவை வாங்குவார்? அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

பேரன் புறப்படும் நாளுக்கு முன்னாள் தமக்கையார் கொழுக்கட்டை செய்தார். பிள்ளை தானே அமர்ந்து, சிங்கப்பூரில் கண்டதுபோல் ஓரத்தை மடிப்பு மடிப்பாக மடித்துப் பார்த்தான். ஐந்தாறு மட்டும் அழகாக வந்தன. அவற்றைத் தேநீரோடு ஆவி பறக்க உண்டோம். தமக்கையார் அன்று தம் தேநீரை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார். "இதைக் கொஞ்சம் கட்டிக் கொடுங்கள் ஆச்சி" என்று பேரன் கேட்டான். "மாட்டேன். போய்ச் சேருவதற்குள் நீ வாங்கி வந்த பெட்டி போல் ஆகிவிடும். மாவைத் தருகிறேன், நீயே செய்து தின்" என்று இரண்டு கிலோ மாவும் வெல்ல உருண்டைகளும் கட்டிக் கொடுத்தார். அந்தச் சொல் கேட்டுப் பிள்ளை சிரித்துவிட்டான். 'நன்றாய்த்தான் இருக்கிறது' என்ற பொய் அன்றுதான் தீர்ந்தது.

சிங்கப்பூரிலிருந்து முதல் செய்தி, கொழுக்கட்டை வெடித்துவிட்டது என்பது. நீர் குறைவு, அதோடு அது நன்றாகக் கொதிக்கவுமில்லை. ஒரு பங்கு மாவுக்கு ஒன்றேகால் பங்கு நீர் என்றும், நீரில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் என்றும் தமக்கையார் தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் முறை சரியாக வந்ததாம்.

அந்தப் பெண்கள் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டிய செய்முறை வாசகத்தை என்னை எழுதித் தரச் சொல்லியிருக்கின்றனர். மாவுக்கும் நீருக்கும் அளவு எழுதிவிட்டேன். எந்தச் சூட்டில் பிசைவது என்ற இடத்தில்தான் நிற்கின்றேன். 'கை பொறுக்கும் சூடு' என்கின்றார் தமக்கையார். 34 ஆண்டுகள் கொழுந்து பறித்த கை எது பொறுக்கும், பட்டணத்துப் பிள்ளையின் கை எது பொறுக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கின்றேன்.